வரட்சிக்குப் பொறுப்பாளி யார்? விஞ்ஞானம் எழுதும் புதிய கணக்கு

மழை பொய்த்த ஆண்டுகளில் நம் நாட்டின் கோயில்களில் மழை வேண்டிப் பூசைகளும் பள்ளிவாசல்களில் மழைத் தொழுகைகளும் நடைபெறுவது வழமை. அதே காலத்தில் தலைநகரில் அமைச்சர்களும் அதிகாரிகளும் கூடி நிவாரணம் பற்றி ஆராய்வர். முன்னர் இயற்கையின் சீற்றம் என்று கூறப்பட்ட அனர்த்தத்திற்கு இன்று காலநிலை மாற்றம் என்ற பெயர் சூட்டப்படுகின்றது. பெயர் மாறியிருக்கின்றதே தவிர, அந்த அனர்த்தத்தில் இயற்கையின் பங்கு எவ்வளவு, மனிதனின் பங்கு எவ்வளவு, அந்த மனிதன் எந்த நாட்டைச் சேர்ந்தவன் என்ற கேள்விகள் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

இக்கேள்விகள் பல்கலைக்கழக மண்டபங்களுக்குள் மட்டும் விவாதிக்கப்பட வேண்டியவை அல்ல. யார் மீது பழி விழுகின்றது, யார் நட்டஈடு செலுத்த வேண்டும், எந்தத் திட்டத்திற்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்பன யாவும் இவற்றுக்கான விடையிலேயே தங்கியுள்ளன. கடந்த அரை நூற்றாண்டு காலத்தில் விஞ்ஞானிகள் அளித்த விடை ஒரு தடவைக்கு மேல் மாறியிருக்கின்றது. ஒவ்வொரு மாற்றமும் பழியை ஒருவரின் தோளிலிருந்து மற்றொருவரின் தோளுக்கு மாற்றியிருக்கின்றது.

ஆபிரிக்காவின் சாஹெல் பிரதேசம் இதற்குச் சிறந்த உதாரணமாகும். சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் செனகல் முதல் சூடான் வரை நீண்டு கிடக்கும் இப்பிரதேசத்தில் 1960களின் இறுதியில் ஆரம்பித்த வரட்சி, 1980களின் நடுப்பகுதி வரை விட்டுவிட்டுத் தொடர்ந்தது. பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். கால்நடைகளை இழந்த இடையர்கள் நகர்ப்புறங்களின் ஓரங்களில் அகதிகளாகினர். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர்களும் அதே இடையர்களே. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த வளிமண்டலவியல் அறிஞர் ஜூல் சார்னி 1975ஆம் ஆண்டு ஒரு கருதுகோளை முன்வைத்தார். மிதமிஞ்சிய மேய்ச்சலினால் புல்பூண்டுகள் அழிந்துபோக, வெறுமையான நிலம் சூரிய ஒளியை அதிகமாகத் தெறிக்கச் செய்கின்றது. இதனால் மேலுள்ள காற்று குளிர்ந்து கீழிறங்குகின்றது. முகில் திரள்வது தடைப்பட்டு மழை குறைகின்றது என்பதே அதன் சாரம்.

பௌதிக ரீதியில் இது தவறான சிந்தனை அல்ல. எனினும் அவ்வளவு பெரிய வரட்சியை விளக்குவதற்கு அது போதுமானதாக இருக்கவில்லை. 1980களில் பிரித்தானிய வானிலை அலுவலகத்தின் ஆய்வாளர்கள் சாஹெலின் மழைக்கும் உலக சமுத்திரங்களின் வெப்பநிலைக்கும் இடையிலான தொடர்பைச் சுட்டிக்காட்டினர். கடல் மேற்பரப்பு வெப்பநிலையை மாத்திரம் கணினி மாதிரிக்கு வழங்கினாலே சாஹெலின் மழை ஏற்ற இறக்கத்தைப் பெருமளவு மீளப் பெறலாம் என்பதை 2003ஆம் ஆண்டு அலெஸாண்ட்ரா ஜியானினியும் அவருடைய சகாக்களும் நிறுவினர். ஐரோப்பாவினதும் வட அமெரிக்காவினதும் தொழிற்சாலைகள் வெளியிட்ட கந்தகத் துகள்கள் வட அத்திலாந்திக் சமுத்திரத்தைக் குளிர்வித்து, மழைப் பட்டியைத் தெற்கே தள்ளியதிலும் பங்கு வகித்தன என்ற முடிவை வேறு பல ஆய்வுகள் முன்வைத்தன. இடையரின் ஆட்டின் மீது சுமத்தப்பட்ட பழியின் ஒரு பகுதி, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த புகைபோக்கிகளின் மீது திரும்பியது. அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இரண்டாவது மாற்றம், வரட்சி என்றால் என்ன என்ற அடிப்படை வினாவிலேயே நிகழ்ந்தது. மழை குறைந்தால் வரட்சி என்பது பொதுவான விளக்கம். விஞ்ஞானிகளோ இதனை மூன்றாக வகுக்கின்றனர். மழை வீழ்ச்சி குறைவது வானிலை வரட்சி. மண்ணின் ஈரம் வற்றிப் பயிர் வாடுவது விவசாய வரட்சி. ஆறு, குளம், நிலத்தடி நீர் ஆகியன வற்றுவது நீரியல் வரட்சி. ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போன்றே இதனை நோக்கலாம். மழை வரவு, ஆவியாதல் செலவு. வரவு குறையாதபோதும் செலவு அதிகரித்தால் குடும்பம் கடனில் விழும். அவ்வாறே மழை வழமைபோல் பெய்தாலும், வெப்பமடைந்த காற்று மண்ணிலும் குளத்திலும் உள்ள நீரைக் கூடுதலாக உறிஞ்சிக்கொண்டால் வரட்சி தோன்றும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயரும்போது காற்று கொள்ளக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 வீதத்தால் அதிகரிக்கின்றது என்பது பாடசாலைப் பௌதிகம். காற்றின் இந்தத் தாகமே இன்றைய வரட்சி ஆய்வுகளின் மையப் பொருளாகியுள்ளது.

இந்தச் செலவைக் கணக்கிடுவதில் ஒரு காலத்தில் பெரும் சர்ச்சை ஏற்பட்டது. 1965ஆம் ஆண்டு அமெரிக்கரான வெய்ன் பால்மர் வகுத்த வரட்சிச் சுட்டெண் உலகெங்கும் பயன்பட்டு வந்தது. அதன் வழமையான கணிப்பு முறை, ஆவியாதலை வெப்பநிலையைக் கொண்டு மாத்திரமே மதிப்பிட்டது. அதனால் உலகம் வேகமாக வறண்டு வருவதாகக் காட்டியது. சூரியக் கதிர்வீச்சு, காற்றின் ஈரப்பதன், காற்றின் வேகம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணித்தால் முந்திய 60 ஆண்டுகளில் உலகளாவிய வரட்சியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று ஜஸ்டின் ஷெபீல்ட் முதலானோர் 2012ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர். பூகோள வெப்பமடைதலை மறுப்போருக்கு இது நல்ல ஆயுதமாகியது. ஆனால் அந்த ஆய்வு வெப்பமடைதலை மறுக்கவில்லை; அளவுகோலைத் திருத்தும்படியே கோரியது.

திருத்தப்பட்ட அளவுகோலைக் கொண்டு நடத்தப்பட்ட பிந்திய ஆய்வுகள் கூறுவது என்ன? மர வளையங்களில் பதிவாகியுள்ள பல நூற்றாண்டு கால ஈரப்பதன் வரலாற்றை ஆராய்ந்த கேட் மார்வல் முதலானோர், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே மனிதச் செயற்பாட்டின் சுவடு வரட்சியில் தென்படுவதாக 2019ஆம் ஆண்டு அறிவித்தனர். நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சுவடு மங்கிப்போனது. மேலே கூறிய தொழிற்சாலைத் துகள்கள் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும், 1980களிலிருந்து அது மீண்டும் தலைதூக்குவதாகவும் அவர்கள் குறிப்பிட்டனர். 1981 முதல் 2022 வரையான காலத்தை ஆராய்ந்து 2025ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, காற்றின் தாகம் அதிகரித்தமையால் வரட்சியின் கடுமை உலகளாவிய ரீதியில் சராசரியாக 40 வீதத்தால் அதிகரித்துள்ளதாகக் கூறுகின்றது. 2018 முதல் 2022 வரையான ஐந்தாண்டுகளில் வரட்சிக்குள்ளான நிலப்பரப்பு, அதற்கு முந்திய காலத்துடன் ஒப்பிடுகையில் சராசரியாக 74 வீதத்தால் விரிவடைந்தது. அவ்விரிவில் 58 வீதத்திற்கு மழைக்குறைவு அல்ல, காற்றின் தாகமே காரணம் என்பது அதன் முடிவாகும்.

மூன்றாவது மாற்றமே அரசியல் ரீதியில் மிகவும் முக்கியமானது. தனியொரு அனர்த்தத்தைச் சுட்டிக்காட்டி இதற்குக் காலநிலை மாற்றமே காரணம் என்று கூற முடியாது என்பதே நீண்ட காலமாக விஞ்ஞானிகளின் நிலைப்பாடாக இருந்தது. 2003ஆம் ஆண்டு தேம்ஸ் நதி பெருகி ஒக்ஸ்போர்ட் நகரை அச்சுறுத்தியபோது, அங்கு வாழ்ந்த பௌதிக அறிஞர் மைல்ஸ் அலன், இத்தகைய சேதத்திற்கு எவரிடமேனும் நட்டஈடு கோர முடியுமா என்ற வினாவை எழுப்பிக் கட்டுரையொன்றை எழுதினார். அதே ஆண்டின் கோடையில் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலை பற்றி பீட்டர் ஸ்டொட்டுடன் இணைந்து அவர் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. அத்தகைய வெப்பத்துக்கான வாய்ப்பை மனிதச் செயற்பாடு குறைந்தது இரட்டிப்பாக்கியிருக்க வேண்டும் என்று அது கூறியது. இவ்வாறு பிறந்ததே காரணப் பகுப்பாய்வு எனும் புதிய துறை. மனிதன் வெளியிட்ட காபனீரொட்சைட்டு உள்ள உலகம், அது இல்லாத உலகம் என இரண்டைக் கணினியில் அமைத்து, குறித்த அனர்த்தம் ஒவ்வோர் உலகிலும் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் என்று ஒப்பிடுவதே இதன் அடிப்படை. பிரிடெரிக் ஓட்டோவும் காலஞ்சென்ற கீர்ட் ஜான் வான் ஓல்டன்போர்க்கும் தோற்றுவித்த உலக வானிலைக் காரணப் பகுப்பாய்வுக் குழு, அனர்த்தம் நிகழ்ந்து சில வாரங்களுக்குள்ளேயே இத்தகைய கணிப்பை வெளியிட்டு வருகின்றது.

இக்குழுவின் இரண்டு முடிவுகளை அருகருகே வைத்து நோக்குவது பயனுள்ளது. எதியோப்பியா, கென்யா, சோமாலியா ஆகிய நாடுகளில் 2020ஆம் ஆண்டின் இறுதி முதல் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. சோமாலியாவில் மாத்திரம் 2022ஆம் ஆண்டில் சுமார் 43,000 மேலதிக மரணங்கள் நிகழ்ந்ததாகவும் அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதனால் ஏற்பட்ட வெப்பமடைதல் இவ்விவசாய வரட்சிக்கான வாய்ப்பைக் குறைந்தது 100 மடங்கு அதிகரித்தது என்று 2023இல் அக்குழு அறிவித்தது. 1.2 பாகை குளிர்ந்த உலகில் அதே மழைக்குறைவு ஏற்பட்டிருந்தாலும் அது வரட்சி என்று கூறத்தக்க நிலையை எட்டியிராது என்பதே அதன் உட்பொருள்.

இனி மடகஸ்காரை நோக்குவோம். அந்நாட்டின் தென்பகுதியில் 2019 முதல் 2021 வரை மழை வழமையின் 60 வீதமாகக் குறைந்து மக்கள் பட்டினிக்குள்ளாகினர். காலநிலை மாற்றத்தால் உண்டான உலகின் முதலாவது பஞ்சம் என ஐக்கிய நாடுகள் அமைப்பின் அதிகாரிகள் இதனை வர்ணித்தனர். ஆனால் அதே ஆய்வுக் குழு 2021ஆம் ஆண்டின் இறுதியில் வேறொரு முடிவை வெளியிட்டது. இம்மழைக்குறைவில் காலநிலை மாற்றத்தின் பங்கு மிகச் சிறிது. வறுமை, உட்கட்டமைப்பின்மை, மழையை மாத்திரம் நம்பிய விவசாயம் ஆகியனவே வரட்சியைப் பஞ்சமாக்கின என்று அது கூறியது. எல்லாவற்றிற்கும் காலநிலை மாற்றத்தையே குற்றஞ்சாட்டுவதற்காக இத்துறை உருவாக்கப்பட்டது என்போருக்கு இதுவே தக்க பதிலாகும். இல்லை என்று கூறத் தெரிந்த சாட்சியின் ஆம் என்ற சொல்லுக்கே நீதிமன்றத்தில் மதிப்புண்டு.

பெரும்பாலான வரட்சிகள் இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் நிற்பவை. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிக்கோவின் வட பகுதியிலும் 2000 முதல் 2021 வரை நிலவிய வரட்சி, கி.பி. 800ஆம் ஆண்டுக்குப் பின்னர் அப்பிரதேசம் கண்ட மிகக் கடுமையான 22 ஆண்டுகளாகும் என்றும், மண் ஈரம் குறைந்தமைக்கு மனிதனால் ஏற்பட்ட காலநிலை மாற்றம் 42 வீதம் பொறுப்பு என்றும் 2022ஆம் ஆண்டின் ஆய்வு கணித்துள்ளது. எஞ்சியது இயற்கையின் பங்கு. சிரியாவின் கதை மேலும் சிக்கலானது. அங்கு 2011இல் வெடித்த கிளர்ச்சிக்கு அதற்கு முந்திய கடும் வரட்சியும் ஒரு காரணம் என 2015இல் வெளியான ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. இரண்டாண்டுகளுக்குப் பின் வேறு ஆய்வாளர்கள் அதனைக் கடுமையாக மறுத்தனர். வரட்சியால் இடம்பெயர்ந்தோரின் தொகை மிகைப்படுத்தப்பட்டுள்ளது என்பதும், அரசாங்கத்தின் விவசாயக் கொள்கையும் மானிய வெட்டும் மறைக்கப்படுகின்றன என்பதும் அவர்களது வாதம். போருக்கு வானத்தைக் காரணங்காட்டினால் ஆட்சியாளர்கள் தப்பித்துக்கொள்வர் என்ற அச்சம் நியாயமானதே.

இவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? இலங்கையும் கிழக்கு ஆபிரிக்காவும் ஒரே சமுத்திரத்தின் இரு கரைகளில் உள்ளவை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாதங்களில் இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி வழமையை விடக் குளிர்ந்து கிழக்குப் பகுதி சூடேறினால், அங்கும் இங்கும் மழை குறைவது பெருவழக்கு. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அத்தகைய நிலை மிகக் கடுமையாகத் தோன்றியது. சோமாலியா பஞ்சத்தின் விளிம்பை எட்டியது. இலங்கையில் பெரும்போகம் பொய்த்து, நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சி என வர்ணிக்கப்பட்ட நிலை உருவாகியது. 2017ஆம் ஆண்டின் நெல் உற்பத்தி 2.7 மில்லியன் தொன்னாக, அதாவது முந்திய ஆண்டை விட ஏறத்தாழ 40 வீதத்தால் குறையும் என ஐ.நா.வின் உணவு அமைப்புகள் அவ்வாண்டு மதிப்பிட்டன. சுமார் 9 இலட்சம் மக்கள் உணவுப் பாதுகாப்பின்மைக்கு உள்ளாகினர். அதே ஆண்டின் மே மாதத்தில் தென்மேற்கில் வெள்ளமும் மண்சரிவும் இருநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

கடலின் இந்த ஊசலாட்டம் இயற்கையானது. அதனை மனிதன் உருவாக்கவில்லை. ஆனால் மழை குறைந்த அக்காலத்தில் மண்ணிலும் குளத்திலும் எஞ்சிய நீரை உறிஞ்சிய காற்று, நம் பாட்டனார் காலத்துக் காற்றை விட வெப்பமானது. உலர் வலயத்தின் சிறு குளங்கள் ஆழமற்றவை, பரந்தவை. காற்றின் தாகம் கூடும்போது முதலில் பறிபோவது அவற்றின் நீரே. மழைவீழ்ச்சிப் புள்ளிவிபரத்தை மாத்திரம் பார்த்து வரட்சியைப் பிரகடனம் செய்யும் நடைமுறை இந்தச் செலவுப் பக்கத்தைக் காணத் தவறுகின்றது. மன்னாரிலோ மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ புத்தளத்திலோ மழை சற்றே குறைந்த ஆண்டில்கூட வயல் ஏன் வெடிக்கின்றது என்று வினவும் விவசாயிக்கு அங்கேதான் விடை உண்டு.

இதில் இருவகையான ஏமாற்றுக்கு இடமுண்டு. செல்வந்த நாடுகள், வறிய நாடுகளின் துன்பத்துக்கு அந்நாடுகளின் நிர்வாகச் சீர்கேடே காரணம் எனக் கூறித் தமது பங்கிலிருந்து நழுவ முயலும். உள்நாட்டு அரசாங்கங்களோ தூர்வாரப்படாத குளங்களுக்கும் உரிய காலத்தில் கிடைக்காத நிவாரணத்துக்கும் காலநிலை மாற்றத்தைக் காரணங்காட்டி நழுவ முயலும். சோமாலியாவின் முடிவு முதலாவது தரப்பினரின் வாயை அடைக்கின்றது. மடகஸ்காரின் முடிவு இரண்டாவது தரப்பினரின் வாயை அடைக்கின்றது. விஞ்ஞானம் பங்குகளைப் பிரித்துக் காட்டுவதன் பயன் இதுவே.

முதற்பங்கை வசூலிக்கும் வழிகள் மெல்லத் திறக்கின்றன. இழப்பு மற்றும் சேதத்துக்கான நிதியம் 2022இல் எகிப்தில் இணங்கப்பட்டு, 2023இல் துபாயில் செயலுருப் பெற்றது. அங்கு வாக்களிக்கப்பட்ட தொகை சுமார் 700 மில்லியன் டொலர். தேவையோடு ஒப்பிடுகையில் இது கடலில் கரைத்த பெருங்காயம். 2025ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் திகதி சர்வதேச நீதிமன்றம் வழங்கிய ஆலோசனைக் கருத்து இதனிலும் முக்கியமானது. காலநிலையைப் பாதுகாக்கும் கடப்பாட்டை மீறும் நாடு நட்டஈடு செலுத்தவும் நேரிடலாம் என்று அந்நீதிமன்றம் கூறியது. ஆனால் தவறுக்கும் சேதத்துக்கும் இடையில் போதியளவு நேரடியானதும் உறுதியானதுமான காரணத் தொடர்பு நிறுவப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உலகின் மொத்த வெளியீட்டில் 0.1 வீதத்தையும் எட்டாத பங்கையே கொண்ட இலங்கை போன்ற நாடொன்றுக்கு இது ஒரு வாய்ப்பு. ஆயினும் அத்தொடர்பை நிறுவுவதற்குத் தேவைப்படுவது உணர்ச்சிமிக்க உரைகள் அல்ல. நீண்ட கால வானிலைப் பதிவுகளாகும்.

அங்கேதான் நமது பலவீனம் வெளிப்படுகின்றது. இலங்கையின் மழைவீழ்ச்சிப் பதிவுகள் 19ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்பவை. ஆசியாவின் பல நாடுகளுக்கு இல்லாத செல்வம் அது. ஆனால் போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பல நிலையங்களின் பதிவுகள் அறுந்துபோயின. அளக்கப்படாத மழையும் பதியப்படாத வெப்பமும் எந்த நீதிமன்றத்திலும் சாட்சி சொல்லப் போவதில்லை. அறுந்த பதிவுகளை இயன்றவரை மீட்பதும், வானிலை நிலையங்களைப் பெருக்குவதும், குளங்களின் நீர்மட்டத்தையும் மண்ணின் ஈரத்தையும் ஒழுங்காக அளப்பதும், அத்தரவுகளை நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களுக்குத் தடையின்றி வழங்குவதும் பெருஞ்செலவு பிடிக்கும் பணிகள் அல்ல.

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. முன்னர் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்ந்த விவசாய வரட்சி, உலகம் ஒரு பாகை வெப்பமடைந்த நிலையிலேயே வறண்டுவரும் பிரதேசங்களில் 1.7 மடங்கு அடிக்கடி நிகழ்வதாகவும், இரண்டு பாகையை எட்டும்போது அது 2.4 மடங்காகும் என்றும் காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 2021ஆம் ஆண்டின் அறிக்கையில் கூறியது. கைத்தொழில் புரட்சிக்கு முந்திய நிலையை விட 1.5 பாகைக்கு மேல் வெப்பமடைந்த முதலாவது ஆண்டாக 2024 பதிவாகிவிட்டது.

சாஹெலின் இடையர்கள் மீது சுமத்தப்பட்ட பழி நீங்க முப்பது ஆண்டுகள் சென்றன. அவர்களுக்காகப் பேசியவை அவர்களது சொந்த நாடுகளின் பதிவேடுகள் அல்ல, தூரதேசத்துக் கணினிகளே. அடுத்த வரட்சி நம் வயல்களுக்கு வரும்போது, அதில் இயற்கையின் பங்கு இது, உலகின் பங்கு இது, நம் ஆட்சியாளர்களின் பங்கு இது என்று எடுத்துக்காட்ட நம்மிடமே கணக்கு இருக்க வேண்டும். கணக்கு வைத்திராதவனின் கடனை எவரும் திருப்பிச் செலுத்தியதாக வரலாறு இல்லை.